தெளிவாக வந்த மீன் படம்

12.8.2006, சனி

தங்கை ரீட்டாவின் தங்கமீனை இன்று நான்தான் கொன்றேன். யாருக்கும் தெரியாது.

சித்தப்பாவின் கேமரா இன்று ஒரு நாள்தான் என் கையில் இருந்தது. படம் அழகாக வரட்டும் என்று, அப்பா கம்பெனியிலிருந்து கொண்டுவந்த பீங்கான் வாத்தைத் தொட்டிக்குள் வைத்தேன். அது இன்னும் சூளையில் சுடாத வாத்து. கொஞ்ச நேரத்தில் கரைந்து, தண்ணீர் பால் மாதிரி ஆகிவிட்டது. ரீட்டா டியூஷனிலிருந்து வருவதற்குள் மீனை ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்து, தண்ணீர் முழுவதையும் கொட்டிவிட்டுக் குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றி மீனை விட்டேன். குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின் மீனைக் கொன்றுவிடும், அது போக ஒரு நாள் வைத்திருந்துதான் ஊற்ற வேண்டும் என்று நூலகப் புத்தகத்தில் படித்திருக்கிறேன். தெரிந்தும் ஊற்றினேன். கண்ணாடியைத் துடைத்து, ஃப்ளாஷ் இல்லாமல் எடுத்தேன். செதில்கூடத் தெளிவாக விழுந்தது.

சாயங்காலம் மீன் செத்து மிதந்தது.

"அக்கா, காலையில ரெண்டு தடவ தீனி போட்டுட்டேன். அதான் செத்துப்போச்சா?" என்று ரீட்டா அழுதாள்.

"அதிகமா போடாதன்னு எத்தினி தடவடி சொல்றது?" என்று அம்மா அவளைத் திட்டினார்.

நான் கேமராவை உறையில் போட்டு மூடினேன்.

இரவு ஜெபத்தில் ரீட்டா, "இயேசுவே, மீன நான் கொன்னுட்டேன், மன்னிச்சிடுங்க" என்றாள். அப்பாவும் அம்மாவும் ஆமென் சொன்னார்கள். நானும் சொன்னேன்.