வெட்டி எடுத்த குழாய் வளைவு

முல்லைத்தீவு
18.02.1964

அன்பு மகன் மரியநாயகத்துக்கு,

அப்பா எழுதுவது. மாதாவின் காவலில் நாங்கள் சுகம், கொழும்பில் நீயும் சுகமாக எஞ்சின் வேலை பழகி வருவாய் என்று நம்புகிறேன். அம்மாவுக்கு முழங்கால் நோ கொஞ்சம் குறைவு, தங்கச்சி கிறேஸ் தையல் வகுப்புக்குப் போய் வருகிறாள். போன மாதம் நம் வள்ளத்துக்கு நடந்ததை அம்மா உனக்கு எழுதினாள், அதில் அவள் அறியாதது ஒன்று இருக்கிறது. அன்று வலை இழுக்க எஞ்சினை நிறுத்தினோம், வாடைக் கடல் பின்பக்கத்தில் அடித்துக்கொண்டிருந்தது. எஞ்சினைத் திரும்ப இயக்க நம்மோடு தொழிலுக்கு வரும் பாலன் கைபிடியைச் சுழற்றினான், புகைக்குழாய் வழியே உள்ளே தண்ணீர் ஏறி நின்றதால் அது திருப்பி அடித்து அவன் மணிக்கட்டு முறிந்தது. பொழுது சாயும்வரை அலைந்தோம், அளம்பில் ஊர் ஆட்கள்தான் கட்டி இழுத்து வந்தார்கள். புகைக்குழாய் வாயைக் கட்டையால் அடைக்க நான் மறந்தேன் என்று உன் சித்தப்பா கிறிஸ்தோப்பர் கரையெல்லாம் சொன்னான். தண்ணீரை உள்ளே விடாத வளைவு குழாயில் இருக்கிறது என்ற நம்பிக்கையில் நான் அடைக்கவில்லை, அது உண்மை. வள்ளத்தைக் கடனுக்குத் தந்த மீன்பிடிச் சங்கத்தார் என் கையிலிருந்த சுக்கானை எடுத்து அவனிடம் கொடுத்தார்கள்.

போன கிழமை வள்ளத்தில் எஞ்சினை மூடிய பலகைகளைக் கழற்றிப் பார்த்தேன். எஞ்சினிலிருந்து நீர்மட்டத்துக்கு மேலே எழுந்து வளைந்து, பிறகு சரிந்து இறங்க வேண்டிய குழாய் நேராகக் கிடந்தது. கிறிஸ்தோப்பரைக் கேட்டேன். “மீன் போட இடம் காணாதெண்டு வெட்டினது அண்ணை, உங்கட மகன்தான் அளந்து குறிச்சவன், காய்ச்சலிலை கிடக்கிற அப்பாவுக்குச் சொல்லவேண்டாம் எண்டும் அவன்தான் சொன்னவன்” என்றான். பொய் என்று அவன் சட்டையைப் பிடித்தேன். அவன் மீன்வாடிக்குள் போய் வெட்டிய துண்டைக் கொண்டுவந்து காட்டினான், அதில் நத்தார்த் திருநாளுக்கு வந்தபோது நீ போட்ட சிவப்புப் பென்சில் எழுத்து. தம்பி செய்ததை நான் தாங்குவேன் மகன். அந்த வளைவு எதற்கென்று எனக்கு விளக்கியவனே நீ. எல்லாம் தெரிந்துகொண்டு, “அப்பா, இனியாவது கவனமாயிருங்கோ” என்று எனக்குக் கடிதமும் எழுதினாயே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

புது வளைவு போட்டுவிட்டேன். அங்கே யார் கேட்டாலும் இடம் காணாதென்று குழாயைத் தாழ்த்திவிடாதே. அம்மாவுக்கு ஒன்றும் சொல்லவில்லை, நான் மறதிக்காரன் என்றே அவள் நினைக்கட்டும். ஆனால் பாலனின் தாய் கோயிலில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்புகிறா. உயிர்த்த ஞாயிறுக்கு வா, பரந்தனில் இறங்கினால் பஸ் இருக்கிறது. அவவிடம் உன் வாயால் சொல், உனக்காக நான் சொல்லமாட்டேன். ஆண்டவர் உன்னை எந்தத் தீங்கும் அணுகாமல் காக்க வேண்டும், இதை மனம் நொந்தாலும் மனதார எழுதுகிறேன்.

உன் அப்பா,
ம. கொன்ஸ்ரன்ரைன்