வெயிலுமுத்து வீட்டு நிலைப்படி

தாராவி, பம்பாய்
20-8-48

அன்பு மகள் பூமாரிக்கு அம்மை எழுதுவது. நான் உன் அண்ணன் வீட்டில் சுகமாக இருக்கிறேன், மூட்டுவலி மட்டும் மழையோடு வந்து மழையோடு போகிறது. கொழும்பில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கச் சாஸ்தா துணை நிற்கட்டும். அண்ணனுக்குத் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை நிரந்தரமாகிவிட்டது, அவன் பெண்டாட்டி இன்னும் குழம்பில் புளியை அள்ளித்தான் போடுகிறாள்.

நம் ஊர்ச் சங்கம் எங்கள் மாடி வரிசைவீட்டுச் சாலுக்குப் பின்னால் ஆதரவில்லாத கிழடுகளுக்கும் கைகால் முடியாதவர்களுக்கும் எட்டு அறை கட்டுவதாக எழுதியிருந்தேன் அல்லவா, வைகாசியில் பால் காய்ச்சிக் குடிவைத்துவிட்டோம். சாவிக்கொத்து என் இடுப்பில். யார் முதலில் தண்ணீர் பிடிப்பது, யார் எந்த அறை என்பதெல்லாம் என் சொல்தான். உட்கார்ந்தபடியே குடம் நிரப்பக் குழாயை முழங்கால் உயரத்தில் வைக்கச் சொன்னது நான். கண் தெரியாதவர்கள் பிடித்துக்கொண்டு கக்கூஸ்வரை போகச் சுவரோரம் கயிறு கட்டச் சொன்னதும் நான்தான். மழைத்தண்ணீருக்குப் பயந்து தரையை உயர்த்தியதால், படிக்குப் பதில் சரிவாகப் போட்டான் கொத்தன் சுயம்பு.

முதல் அறை வெயிலுமுத்துவுக்கு. துறைமுக டாக்கில் கப்பல் வெடித்தபோது இரண்டு காலும் போனவன், சக்கரம் வைத்த பலகையில் கையால் உந்திக்கொண்டு போவானே, அவன். நாலு வருஷம் ஸ்டேஷன் பக்கம் நடைபாதையில் கிடந்தான். அன்றைக்குச் சரிவில் ஒரே மூச்சில் ஏறி வந்தவன் வாசலில் நின்றுவிட்டான். ஒரு சாண் உயரத்துக்கு நிலைப்படி. இத்தனை பார்த்துப் பார்த்துச் செய்த எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை பூமாரி. வீடென்றால் நிலைப்படி உண்டு என்று கை தானாக வைத்துவிட்டது. காலையில் அதற்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தவளே நான்தான். நாலு பேர் பலகையோடு அவனைத் தூக்கி உள்ளே வைத்தார்கள், பெண்கள் குலவையும் போட்டார்கள். அவன் மெதுவாக என்னிடம், "உள்ள வச்சிட்டிய அத்தை. வெளிய போகணும்னா யாரைக் கூப்பிட?" என்றான். நடைபாதைக்கே போகிறேன், அங்கே யாரையும் கூப்பிட வேண்டாம் என்றான்.

அறுத்து எடு என்றேன் சுயம்புவிடம். பூசை போட்ட நிலைப்படியில் ரம்பம் வைத்தால் குடும்பம் விளங்காது என்று ரம்பத்தைக் கீழே போட்டுவிட்டான். சங்கத்துக் காரியதரிசி வானமாமலை வந்து, நிலைப்படி இல்லாவிட்டால் அது வீடில்லை, தொழுவம் என்றான். உன் கல்யாணத்தில், ஆனி பதினேழாம் தேதி, என் தம்பியைப் பந்தியில் உட்காரவிடாமல் வெற்றிலையைக் கையில் கொடுத்து அனுப்பினவன் இவன்தான். பாவம் வந்தால் என் தலையில் வரட்டும் என்று நானே உட்கார்ந்து அறுத்தேன். தேக்கு, இலேசில் அறுபடவில்லை, உள்ளங்கையில் மூன்று கொப்புளம். அந்த இடத்தில் தரையிலேயே மஞ்சள் பூசிக் கோலம் போட்டேன். வெயிலுமுத்து அதன்மேல் இரண்டு தடவை வெளியே போய் உள்ளே வந்தான். பிறகு மூட்டையை அவிழ்த்தான்.

மழையெல்லாம் பெய்துவிட்டது, யார் குடும்பமும் கெடவில்லை. போன வாரம் வானமாமலையே வந்து நின்றான். இடுப்பு ஒடிந்த அவன் அம்மை மாடியைவிட்டு இறங்கி ஒரு வருஷமாகிறது, நாலாம் நம்பர் அறை அவளுக்குக் கிடைக்குமா, அந்த நிலைப்படியையும் எடுத்துவிட்டால் நல்லது என்று தலையைச் சொறிந்தான். "ரம்பம் இங்கதான் கிடக்கு. இந்தத் தடவை நீரே அறும்" என்றேன். அறுத்தான். நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். அவன் அம்மை நல்லவள், அவளுக்குச் சுடுகஞ்சி என் கையால்தான் போகிறது. அதற்காக உன் கல்யாணத்து விஷயத்தை விட்டுவிட்டேன் என்று நினைக்காதே.

உன் மாமியாருக்குப் பார்வை மங்குகிறது என்று எழுதியிருந்தாய். கட்டிலை வாசல் பக்கம் போட்டுக் கொடு, கொல்லைவரை ஒரு கயிறு கட்டு, வழியில் அண்டா குண்டாவை வைக்காதே. கையைப் பிடித்து அழைத்துப்போக நீ இருக்கிறாய் என்று சொல்லாதே, அவளுக்கும் தனியாகப் போகத் தோன்றும்.

வெயிலுமுத்துவோடு எனக்குத் தினம் சண்டை. விடிந்ததும் அறையைப் பூட்டிச் சாவியை மடியில் செருகிக்கொண்டு கிங்ஸ் சர்க்கிள் பக்கம் போய்விடுகிறான், பொழுது சாயத்தான் வருகிறான். எங்கே போகிறாய் என்றால் சிரிக்கிறான். ஒரு நாளாவது என்னிடம் சொல்லிவிட்டுப் போனதில்லை.

பிள்ளைகளுக்கு என் முத்தம். எல்லாரும் தீர்க்காயுசாக இருங்கள். கயிறு கட்டியதும் மறக்காமல் எழுது.

இப்படிக்கு,
உன் அம்மை
கோமதியம்மாள்