நடுவில் ஒரு விக்கல்

மார்ச் 4

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். கால் மரத்துப்போவது பழகிவிட்டது. இந்த நரம்பு நோய்க்கு இது ஒன்பதாவது வருஷம். புதிதாக வந்திருப்பது மறதி. நேற்று பிரசவ அறையில் கத்தரிக்கோலின் பெயர் வாயில் வரவில்லை. "அதக் குடுங்க, அந்த வெட்டுறது" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு குழந்தைக்கு ஒரே மருந்தை இரண்டு தரம் கொடுத்துவிட்டால்?

நரம்பு டாக்டரிடம் சொன்னேன். பதினைந்து சொற்களைப் படித்துக் காட்டி, திருப்பிச் சொல்லச் சொன்னார். பதினான்கு சொன்னேன். "உங்க ஞாபகம் நல்லாத்தான் இருக்கு சிஸ்டர்" என்று அனுப்பிவிட்டார். என் தலைக்குள் நடப்பதை நானே சொன்னாலும் நம்ப மாட்டார்களா? நர்ஸ் வேலையை விட்டுவிடலாம் என்றிருக்கிறேன்.

உன் அக்கா

மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

போன மாதம் போனில் ஒரே விஷயத்தை மூன்று தரம் கேட்டாய். உன் மனசு நோகுமே என்று நான் வாய் திறக்கவில்லை. டாக்டர் நம்பாவிட்டால் போகட்டும், நான் நம்புகிறேன். ஆனால் அவசரப்பட்டு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடாதே. முதலில் மருந்து அலமாரிச் சாவியைத் திருப்பிக் கொடு. தலைமை நர்ஸிடம் உள்ளதை உள்ளபடி சொல். நீ வீட்டில் சும்மா உட்கார்ந்தால் மாமா பாடு திண்டாட்டம்தான்.

தம்பி

ஏப்ரல் 9

தம்பி,

சாவியைக் கொடுத்துவிட்டேன். அவமானமாக இருக்கும் என்று நினைத்தேன், பாரம்தான் இறங்கியது. என்னைக் குழந்தைகள் அறைக்கு மாற்றினார்கள்.

போன வாரம் ஆயா அடுத்தடுத்து இரண்டு குழந்தைகளைக் குளிப்பாட்டினாள். கையில் கட்டிய பெயர்ப்பட்டைகள் இரண்டும் தொட்டிக்குள் கிடந்தன. இரண்டும் பெண், கிட்டத்தட்ட ஒரே எடை. "எது எதுன்னு தெரியலையே சிஸ்டர்!" என்று என்னைக் கூப்பிட்டாள். அப்போது ஒன்று அழுதது. "இது ஜன்னலோரக் கட்டில் அம்மாவோடது" என்றேன். யோசிக்கவே இல்லை. அந்த அழுகைக்கு நடுவில் ஒரு சின்ன விக்கல். அதற்கு முந்தின நாள் ஒரே ஒரு தரம் கேட்டிருக்கிறேன்.

"என்னை நம்பாதீங்க, ரத்தப் பரிசோதனை பண்ணுங்க" என்று நானே கெஞ்சினேன். இன்று முடிவு வந்தது. நான் சொன்னதுதான் சரி.

அந்த அம்மாவின் பெயர் இப்போதும் எனக்கு நினைவில்லை, தம்பி. அந்த விக்கல் மட்டும் எனக்குள் எங்கே தங்கியிருந்தது? யாரைக் கேட்பது?

வேலை முடிந்தும் கிளம்ப மனசு வரவில்லை. பதினோரு குழந்தைகளுக்கு நடுவில் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். ஒன்று மாற்றி ஒன்று அழுதன. ஒவ்வொன்றும் யாரென்று எனக்குத் தெரிந்தது.

அக்கா