ஐந்து மணி முதல் ஐந்தரை வரை

வியாழக்கிழமை, ஜூன் 9, 1955

அன்புள்ள லயனல்,

நீயும் உன் ஆடுகளும் நலம் என்று தெரியும். அங்கே மழை விட்டுவிட்டது, உன் இருமல் போய்விட்டது, வேலிக்கம்பியில் கிழித்துக்கொண்ட கட்டைவிரலும் ஆறிவிட்டது, எல்லாம் தெரியும். ஆனால் இதில் ஒன்றைக்கூட நீ எனக்கு எழுதவில்லை. பிறகு எனக்கு எப்படித் தெரிந்தது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். சொல்லி முடித்த பிறகு என்னைப் பற்றி என்ன நினைப்பாயோ, ஆனாலும் இனிமேல் சொல்லாமல் இருக்க முடியாது. என் வலது மணிக்கட்டு உடைந்து, கட்டுப் போட்டும் சரியாகக் கூடவில்லை, அதனால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை ஹெஸ்டர் எழுதுகிறாள். (அண்ணா, அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் என் கைச்சரக்கு. அம்மா மூச்சு வாங்கும்போது நான் உள்ளே புகுந்துகொள்வேன். பதினாறு வயதில் எனக்குக் கிடைத்த முதல் அரச உத்தியோகம் இது, கை மட்டும் போதுமாம், வாய் வேண்டாமாம்.)

உட்கார்ந்துகொண்டு படி. நம்மை வளர்த்த ப்ளம் ஆயா இறந்துவிட்டாள். மார்ச் இருபத்தெட்டு, திங்கட்கிழமை காலை. மேல்மாடி அறையில் ஓட்ஸ் கஞ்சியை வாயில் வைத்துவிட்டு உப்புப் போதவில்லை என்று ஹெஸ்டரைத் திட்டியிருக்கிறாள், இவள் கீழே வந்து உப்பை எடுத்துக்கொண்டு திரும்பப் படியேறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வலி இல்லை என்று டாக்டர் சொன்னார். (கடைசி வார்த்தை உப்புதான், அண்ணா. எனக்கு இன்னும் கஞ்சி இறங்குவதில்லை.) நார்ஃபோக்கில் அவள் ஊர்த் தேவாலயத்தில் அடக்கம். அவளுடைய தங்கை முன் வரிசையில் உட்கார்ந்தாள், நாங்கள் இரண்டாவது வரிசை. என் வாழ்நாளில் எங்கே உட்காருவது என்று யாரும் எனக்குக் காட்டாமல் நானே போய்ப் பின்னால் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். வெளியே வரும்போது நனைந்த படியில் வழுக்கித்தான் இந்தக் கை போனது.

மறுநாள் வீட்டுக்கு வந்தால் தபால் தட்டில் உன் கடிதம், ஆயா பெயருக்கு. இரண்டு வருஷமாக அவளுக்குக் கண் மங்கிப் போய், உன் கடிதங்களைப் படித்துக் காட்டியதும், அவள் சொன்ன பதிலை உனக்கு எழுதியதும் ஹெஸ்டர்தான் என்று உனக்கே தெரியும். உனக்குத் துக்கச் செய்தி எழுதவேண்டுமே, அதற்கு முன் நீ என்ன நிலைமையில் இருக்கிறாய் என்று பார்த்துக்கொள்ளலாம் என்று பிரிக்கச் சொன்னேன். ஒரு பக்கம் கேட்பதாகத்தான் நினைத்தேன். ஒன்பது பக்கம் இருந்தது. நீ நியூசிலாந்துக்குப் போய் ஐந்து வருஷத்தில் எனக்கு எழுதியதெல்லாம் கிறிஸ்துமஸுக்கு ஒன்று, பிறந்தநாளுக்கு ஒன்று. (அதிலும் பாதி வானிலை அறிக்கை.) ஒன்பது பக்கத்தையும் கேட்டேன். நோரீன் என்று ஒரு பெண் இருக்கிறாள், பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லித் தருகிறாள், கத்தோலிக்கப் பெண், அவளைக் கட்டிக்கொள்ளப் போகிறாய் என்பதே அப்போதுதான் தெரிந்தது. உன் அம்மா எப்படிப்பட்டவங்க என்று அவள் கேட்டதாகவும், அதற்கு நீ சொன்ன பதிலையும் ஆயாவுக்கு எழுதியிருந்தாய். ஹெஸ்டர் அந்த இடத்தில் நிறுத்திவிட்டாள், நான்தான் படி என்றேன்.

"அம்மாவா? வயலட் பூ வாசனை. அஞ்சு மணியிலிருந்து அஞ்சரை வரைக்கும்."

பொய் என்று சொல்ல முடியவில்லை, லயனல். தினமும் ஐந்துக்கு ஆயா உன்னைக் குளிப்பாட்டித் தலைவாரி வெள்ளைச் சட்டை போட்டுக் கீழே அழைத்து வருவாள், நீ கதவருகில் நின்று குனிந்து வணங்குவாய், ஒரு பாட்டுச் சொல்வாய், கடிகாரம் அரை மணி அடித்ததும் போய்விடுவாய். நான் வளர்ந்ததும் அப்படித்தான். என் அம்மாவின் அறையில் மூன்று நாய்களுக்குக் கட்டில் மேல் ஏற அனுமதி உண்டு, எனக்குக் கம்பளத்தின் ஓரம் வரைதான். அம்மா என்றால் அவ்வளவுதான் போலிருக்கிறது என்று நினைத்தேன், நினைத்ததை அப்படியே உனக்கும் செய்தேன். உன் அப்பா போரில் இறந்த செய்தி வந்தது காலை பத்து மணிக்கு. அதை உன்னிடம் சொல்ல நான் ஐந்து மணி வரை காத்திருந்தேன். ஐந்தரைக்கு ஆயா உன்னைக் கூட்டிக்கொண்டு போனாள். மேலே நீ அழுதது மேல்தளம் வழியே எனக்குக் கேட்டது. பதினெட்டுப் படிதான். அது ஆயாவின் படி, அதில் நான் ஏறலாம் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை, எனக்கும் தோன்றவில்லை. உனக்கு அப்போது பதினொரு வயது.

இப்போது என் குற்றத்துக்கு வருகிறேன். அன்றைக்கே உண்மையை எழுத உட்கார்ந்தோம். ஹெஸ்டர் விளையாட்டாக ஆயாவின் குரலில் ஒரு வரி எழுதி உரக்கப் படித்தாள். "டேய் வாத்துக்குட்டி, காதுக்குப் பின்னால கழுவுறியா இல்லையா?" ஆயாவே மாடியிலிருந்து கத்துவது போல இருந்தது. அடக்கம் முடிந்த மறுநாள், நான் சிரித்துவிட்டேன். பிறகு நானே இன்னொரு வரி சொன்னேன். உன் இருமல் தீரும் வரைக்கும்தான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன், இருமலும் தீர்ந்தது, கடிதம் மட்டும் போய்க்கொண்டே இருந்தது. ஏப்ரலிலிருந்து ஆயாவிடமிருந்து உனக்கு வந்த மூன்று கடிதமும் ஆயா எழுதியதல்ல. முதலாவது பாதி ஹெஸ்டர், பாதி நான். மற்ற இரண்டும் முழுக்க நான். நீயும் பக்கம் பக்கமாகப் பதில் எழுதினாய், நான் ஒவ்வொன்றையும் மூன்று முறை படிக்கச் சொல்லிக் கேட்டேன். என் மகன் என்னிடம் பேசியது அந்தப் பத்து வாரம்தான், அதுவும் என்னிடம் இல்லை. (முதல் வரி எழுதியவள் நான், அண்ணா, திட்டுவதென்றால் என்னிடமிருந்து ஆரம்பி. இதுவரை நான் செய்த குறும்பெல்லாம் பத்து நிமிஷத்தில் முடிந்துபோகும். போன மாதம் பெரிய அத்தை விருந்தில் பெயர்ச்சீட்டுகளை மாற்றி வைத்தேன், ஒரு பாதிரியார் போய் ஒரு டியூக் பிரபுவை விட உயர்ந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டார், அது சரியாகும் வரை ஒருவரும் சூப்பைத் தொடவில்லை, அதோடு தீர்ந்தது. இது தீரவில்லை. எழுதுகிற நாட்களில் ஆயா மாடியில்தான் இருக்கிறாள் போல இருந்தது.)

நேற்று உன் கடைசிக் கடிதம் வந்தது. "ஆயா, நீ இப்பல்லாம் என்னைத் திட்டவே மாட்டேங்கிற, உனக்கு உடம்புக்கு என்னமோ ஆயிடுச்சு, மறைக்காதே" என்று எழுதியிருக்கிறாய். நோரீனை ஆயா கண்ணில் காட்டிவிட வேண்டும் என்று ஜூலை இரண்டாம் தேதிக் கப்பலில் இரண்டு பேருக்கும் இடம் போட்டுவிட்டாயாம், குதிரையையும் விற்றுவிட்டாயாம். கடிதத்தில் திட்டுச் சேர்க்கச் சொல்லி ஹெஸ்டர் ஒவ்வொரு முறையும் சொன்னாள். எனக்குத் திட்ட வரவில்லை. நான் உன்னிடம் அன்பாகப் பேசியது உனக்கு நோய் மாதிரி தெரிந்திருக்கிறது. ஐந்து வாரக் கடல் தாண்டி வந்து ஒரு காலி நாற்காலி முன்னால் நீ நிற்கக் கூடாது. அதனால்தான் இன்றைய விமானத் தபாலில் இது வருகிறது, கப்பலுக்கு முன்னால் வந்து சேர்ந்துவிடும்.

இனி வருவதும் வராததும் உன் இஷ்டம். வராவிட்டால் நான் குறை சொல்ல மாட்டேன். ஆயா உனக்கென்று ஒரு பொட்டலம் கட்டி வைத்திருந்தாள், உன் பழைய தலைச்சீப்பு, மேலே வாத்துக்குட்டிக்கு என்று கோணல் மாணலாக அவளே எழுதியிருக்கிறாள். அதை வாங்கவென்று நீ வரவேண்டியதில்லை, ஒரு வரி எழுதினால் தபாலில் அனுப்பிவிடுகிறேன். அரச குடும்பத்தில் பிறந்தவன் கல்யாணத்துக்கு அரண்மனையின் சம்மதம் கேட்டாக வேண்டும் என்பது உனக்குத் தெரியும், அந்த விண்ணப்பத்தை நீ எழுது, கூடவே வைக்க நான் ஒரு கடிதம் சொல்லி எழுதி வைத்திருக்கிறேன். கத்தோலிக்கப் பெண்ணைக் கட்டினால் சிங்காசனத்துக்கான வாரிசு வரிசையில் முப்பத்தோராவது என்ற உன் இடம் போய்விடும். போகட்டும். (நாற்காலி இல்லாத வரிசையில் நிற்பதை விட ஆடு மேய்ப்பது மேல். எனக்கு ஒரு இடம் முன்னேற்றம், நன்றி.) இங்கே கூரை மூன்று இடத்தில் ஒழுகுகிறது, அரண்மனை தயவில் வாடகையில்லாமல் இருக்கும் வீடு என்பதால் கேட்கக் கூச்சமாக இருக்கிறது, பாத்திரம் வைத்திருக்கிறோம். நான் இப்போது மேல்மாடி அறையில்தான் பகலில் உட்காருகிறேன்.

நீயும் அந்தப் பெண்ணும் நன்றாக இருக்க வேண்டும். கடவுள் உங்கள் இருவரையும் காக்கட்டும். குளிரில் காதை மூடிக்கொண்டு போ. எந்த முடிவானாலும் தந்தி அடி, ஆயா பெயருக்கு அல்ல, என் பெயருக்கு.

(அண்ணா, அம்மா என்னிடமிருந்து பேனாவை வாங்கிக்கொண்டாள். கீழே இருப்பது அவளுடைய இடது கை. எப்போதும் போல முழுப் பெயரும் பட்டமும் போடவா என்று கேட்டேன், வேண்டாம் என்றுவிட்டாள்.)

வந்தால் ஐந்தரைக்கு எழுந்து போய்விடாதே.

அம்மா