நழுவுகிற ஊருக்கு மருமகளை அனுப்புவது

சிவன்மலை ஆண்டவர் துணை

பல்லடம்,
கார்த்திகை, 1973

அன்பு மகன் திருமூர்த்திக்கு உன் அம்மா நல்லம்மாள் எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சௌக்கியம், உன் மனைவி சாரதாமணியும் பாப்பாவும் முதலிபாளையத்தில் அவள் அப்பா வீட்டில் சௌக்கியம், பாப்பாவுக்குக் கீழ்ப்பல் முளைத்துவிட்டது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்டால் ஆமாம் என்றுதான் எழுதுவாய், போட்டோவில் கன்னம் ஒட்டிப்போய் இருக்கிறது.

கண்ணு, நீ செய்து வைத்த காரியத்தைக் கேள். நீ இருக்கும் கலிபோர்னியா ஊரில் பூமிக்குள் ஒரு வெடிப்பு ஓடுகிறது, அதன் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு ஓசையில்லாமல் நகர்கிறது, வீட்டுச் சுவரே விலகி நிற்கிறது என்று எனக்கு எழுதினாயே, அதையே பெருமையாக உன் மாமனாருக்கும் எழுதலாமா? நீ அவர்களுக்கு அனுப்பிய பிளேன் டிக்கெட் வந்த பிறகு, கிட்டுசாமி சம்பந்தி கையில் உன் கடிதத்தோடு சாரதாமணியையும் பாப்பாவையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். "பூமி நவுர்ற ஊருக்கு எப்படீங்க அனுப்பறது, மாப்பிள்ளையே இங்க வந்துரட்டுமுங்க" என்றார். அவர் சத்தம் போட்டுப் பேசுகிறவர் இல்லை, அதனால்தான் எனக்குப் பயமாகிவிட்டது. நீ அங்கே செய்யும் பாறை ஆராய்ச்சியைச் சொல்லி, இரண்டு கல்லை உரசிப் பார்க்கவா இவனை இத்தனை படிக்க வைத்தோம் என்று உன் அப்பா வேறு நடுவில் சிரிக்கிறார், நான் முறைத்ததும் அடங்கினார்.

சம்பந்தி தோட்டம் துரவு பார்க்கிறவர், தறி தெரியாது. நம் தறிக் கொட்டகைக்குக் கூட்டிப்போனேன். பாவு நூல் சுற்றிய பீம் உருளையின் மேல் கயிறு போட்டு எடை தொங்கவிட்டிருக்கிறோமே, அந்தக் கயிற்றின் பிடியிலேயே பீம் கொஞ்சம் கொஞ்சமாக நழுவி நூல் விடுவதைக் காட்டினேன். போன அடைமழையில் கயிறு ஈரத்தில் இறுகி, பீம் நிற்பதும் திடீரென்று விடுவதுமாக இருந்தது. விட்டதும் பாவு தொய்வதைப் பார்த்து நம் தறிக்காரன் கன்னையன் எடை போதவில்லை என்று நினைத்து இன்னொரு எடையை மாட்டிவிட்டான். பிறகு அது பிடித்த பிடியில் இழுபட்டு இழுபட்டு ஒரேயடியாகத் துள்ளி, இழைகள் படபடவென்று அறுந்து போயின. அதையெல்லாம் சொல்லி, மாப்பிள்ளை ஊர்ப் பாறை நல்ல பீம் மாதிரி நழுவுகிறது, இறுகிப் பிடித்துக்கொண்டு நிற்கிற இடத்தில்தான் பெரிய பூகம்பத்துக்கு விசை சேர்கிறது என்று நீ எழுதியதைப் பாடம் மாதிரி ஒப்பித்தேன்.

அவர் விடுவாரா. "இதே பீமுதானுங்களே மழையில புடிச்சுக்கிச்சு, அந்த ஊர்ப் பாறை நாளைக்குப் புடிச்சுக்காதுங்களா" என்று கேட்டார். வடக்கிலும் தெற்கிலும் தள்ளி, பிடித்துக்கொண்டு நிற்கும் பாறை என்றைக்கு விடும் என்று யாராலும் சொல்ல முடியாது, விட்டால் உன் ஊரும் ஆடும் என்று நீ எழுதியதை அதுவரை நான் விழுங்கி வைத்திருந்தேன். பெண்ணைக் கொடுத்தவரிடம் மறைத்து அனுப்பினால் எனக்குச் சோறு இறங்காது என்று அதையும் சொல்லிவிட்டேன். அப்படீன்னா அனுப்பலீங்க என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

பாப்பாவுக்குத் தறி ஓடுவதைக் காட்டிக்கொண்டிருந்த சாரதாமணி அப்போதுதான் பக்கத்தில் வந்தாள். "பூமி ஆடுனா அவரு மட்டும் ஒத்தையில கெடக்கோணுமுங்களாப்பா" என்று கேட்டாள். சம்பந்தி அவள் கையிலிருந்து பாப்பாவை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். பஸ் ஏறும்போது, பாப்பாவுக்கு அங்கத்தக் குளிருக்குக் கம்பளி வாங்கோணுமுங்க என்றார். வருகிறார்கள் கண்ணு. எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது, பாப்பாவை எடுத்துக் கொஞ்ச முடியாதே என்று இன்னொரு அழுகையும் வந்தது.

தொட்டிலைச் சுவரோரம் போடாதே. அதற்கு மேலே அலமாரி வேண்டாம், சாமி படம்கூட வேண்டாம், முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார். சாரதாமணிக்கு அந்த ஊர் பழகும்வரை அவளை எதற்கும் கடிந்துகொள்ளாதே, உனக்காக அப்பாவையே எதிர்த்து நின்ற பெண்.

குழந்தை குட்டியோடு நிறைவாக நீ நெடுங்காலம் வாழ வேண்டும். உன் அப்பாவும் ஆசி சொல்லச் சொன்னார். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அங்கே கொஞ்சம் பலமாக ஆடினாலும் நான் பேப்பரில் பார்ப்பதற்குள் தந்தி கொடு. இத்தனை நாள் ஒருவனுக்காகப் பயந்தேன். எல்லோரும் நலம் என்று சுருக்கிவிடாதே, சொல்லுக்குச் சொல் காசானாலும் பரவாயில்லை, மூன்று பேர் பெயரும் தனித்தனியாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
நல்லம்மாள்