வெள்ளை பூசிய குச்சிகள்

என் அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நாங்களும் நலம் என்று எழுத வந்து கை நின்றுவிட்டது, உடம்புக்கு ஒன்றுமில்லை என்று மட்டும் வைத்துக்கொள். குட்டிக்கு முன்பல் விழுந்த படம் வந்தது, அந்த ஓட்டை வாயைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அப்பாவிடம் காட்டினேன், பார்த்தார், கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார், அவ்வளவுதான். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் பேசினால் அவர் பக்கத்து நாற்காலியிலேயே இருக்கிறார், நானும் பாதியில் பேச்சை மாற்றிவிடுகிறேன், நீ பதறிப்போய் என்னம்மா என்னம்மா என்பாய், நான் ஒன்றுமில்லை என்று வைத்துவிடுவேன். போன வாரம் மூன்று தடவையும் அப்படித்தான் வைத்தேன்.

வீட்டுச் சேதி முதலில். காற்றில் நாற்றங்காலின் நிழல்வலை கிழிந்து தொங்குகிறது, தைத்துத் தருகிறேன் என்றால் புதுசு வரும் என்கிறார்கள், புதுசு வருவதற்குள் என் நாற்றெல்லாம் கருகிவிடும். நான் ஓய்வு பெற இன்னும் ஏழு மாதம்தான் பாக்கி. சித்தப்பா மரமில்லில் பெரிய அறுப்பு வாளுக்கு மாறிவிட்டார், காது இன்னும் மந்தமாகிவிட்டது, நாம் ரகசியம் பேசினாலும் ஊருக்கே கேட்கிற மாதிரிதான் பேச வேண்டும். உன் பழைய சைக்கிளைப் பக்கத்து வீட்டுத் தையல்காரி மகளுக்குக் கொடுத்துவிட்டேன், கோபிக்காதே.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீ வேலை பார்க்கும் துறைமுக அலுவலகத்துக்கு மரத்தோடு ஒரு சான்றிதழ் வருமே, வெட்டிய அளவுக்குத் திரும்ப வளர்ந்திருக்கிறது என்று, அதில் எங்கள் காட்டுக் கணக்குக்குக் கீழே இருபத்தேழு வருஷம் கையெழுத்துப் போட்டது உன் அப்பா. வெட்ட வேண்டிய மரத்தில் சுத்தியலால் முத்திரை குத்துவது அவர் வேலை, நடுவதற்கு நாற்று வளர்ப்பது என் வேலை. கல்யாணமான புதிதில், நீங்க வெட்டுங்க நான் நட்டுக்கிட்டே வரேன், யாரு ஜெயிக்கிறாங்கன்னு பார்ப்போம் என்று அவரைச் சீண்டுவேன். ஒவ்வொரு வருஷமும் கணக்கு எழுதி முடித்ததும் வந்து, இந்த வருஷமும் நீதான் ஜெயிச்ச என்பார். எனக்கு அப்படி ஒரு பெருமை.

நட்ட ஒவ்வொரு நாற்றின் பக்கத்திலும் தாரில் தோய்த்த ஒரு குச்சி ஊன்றி, அதன் தலையில் வெள்ளை பூசுவார்கள், களை வெட்டுகிறவர்கள் தெரியாமல் நாற்றையும் சேர்த்து வெட்டிவிடக் கூடாது என்று. புல் இடுப்பளவு வளர்ந்தபின் நாற்று தெரியாது, உள்ளே இறங்கினால் மிதிபடும், அதனால் பாதையிலிருந்தே வெள்ளைத் தலையை எண்ணிக்கொள்வது என்று யாரோ ஆரம்பித்தார்கள், பிறகு அதுவே முறையாகிவிட்டது. மூன்றாம் வருஷம் எண்ணி முடித்ததும் அந்தப் பகுதிக்குப் புத்தகத்தை மூடிவிடுவார்கள், அப்புறம் யாரும் அங்கே போகிறதில்லை. உனக்குக்கூட நினைவிருக்கும், பள்ளி விடுமுறையில் அப்பா மடியில் உட்கார்ந்துகொண்டு ஜீப்பிலிருந்து எண்ணுவாய், நூறு வந்ததும் கை தட்டுவாய், அவர் ஒரு கோடு போடுவார்.

போன மாதம் அலுவலகத்தில் அப்பாவைக் கூப்பிட்டார்கள். மேல்காட்டை, அந்த ஓடை பிறக்கிற இடத்தில் இருக்கும் பெரிய மரங்களை, இந்தக் கோடையில் வெட்டப் போகிறார்களாம். அதற்கு ஈடாக, உனக்கு மூன்று வயதாக இருக்கும்போது வெட்டி நட்ட கீழ்ப்பகுதி முழுசாக வளர்ந்துவிட்டது என்று காட்ட வேண்டும். அந்தக் கணக்கு எழுதியவர் அப்பா, அதனால் அவரே எல்லையைக் காட்டி உறுதிசெய்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். ஓய்வு பெற்று இரண்டு வருஷமான மனுஷனைத் தேடி ஜீப் வந்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லை, சட்டையை இரண்டு தடவை இஸ்திரி போட்டார். சாயங்காலம் திரும்பி வந்தபோது கையில் ஒரு குச்சி இருந்தது. சாப்பாட்டு மேஜை மேல் வைத்தார். தலையில் அந்த வெள்ளை இன்னும் அப்படியே இருந்தது.

மறுநாள் அவர் தனியாகப் போனார், அதற்கு மறுநாள் நானும் போனேன். முட்டி வலியோடு ஒவ்வொரு வரிசையாக இறங்கி நடந்தார். குச்சிகள் நிற்கின்றன மகளே, பாதி சாய்ந்து பாதி நேராக, எண்ணினால் கணக்கு ஏறக்குறைய சரியாகவே வரும். பக்கத்தில்தான் மரம் இல்லை. முதல் வெயிலிலேயே போனது எத்தனையோ, மான் தின்றது எத்தனையோ, கொடி ஏறி அமுக்கியது எத்தனையோ. நான் கொடுத்து அனுப்பியது நாலாயிரத்து இருநூறு நாற்று, ஒவ்வொரு பையிலும் மண் அடைத்தது இந்தக் கைதான். இப்போது அங்கே இருப்பது முந்நூற்றைம்பது மரம். அதிலும் பாதி என் கை பருமன்தான் இருக்கும். அப்பாவைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, திரும்பி வந்ததா என்று ஒரு நாளும் கேட்காத தாய் மாதிரி நானும்தானே இருந்திருக்கிறேன். அங்கேயே ஒரு அடிமரத்தின் மேல் உட்கார்ந்து அழுதேன். அவர் பக்கத்தில் நின்றுகொண்டு, மத்த பகுதியெல்லாமும் இப்படித்தான் இருக்கும்ல என்று என்னைக் கேட்டார்.

இதற்குப் பிறகும் அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. புது அதிகாரி, நல்ல பையன்தான், வீட்டுக்கே காகிதத்தைக் கொண்டு வந்து, ஐயா நீங்க எழுதின கணக்குதானே, அதே எண்ணைத்தான் போட்டிருக்கோம், மேல்காடு கிடைக்கலேன்னா மில்லை மூடிருவாங்க என்றார். சித்தப்பாவும் கூடவே வந்து வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றார். அப்பா தம்பி முகத்தைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார், போட்டுக் கொடுத்தார். அன்றிலிருந்து சாப்பாட்டில் கை வைத்துவிட்டு எழுந்துவிடுகிறார். தூங்குகிறவர் மாதிரி கண்ணை மூடியிருப்பார், உதடு மட்டும் அசையும், எண்ணுகிறார் என்று எனக்குத் தெரியும்.

அந்தக் காகிதம் அடுத்த மாதம் உன் மேஜைக்கு வரும். அப்பா கையெழுத்தைப் பார்த்ததும் உனக்குச் சந்தோஷமாக இருக்கும், முன்பு ஒரு தடவை, நம்ம ஊர் மரம்னா நான் ரெண்டாவது தடவை பார்க்கிறதே இல்லம்மா என்று சொன்னாய். இந்தத் தடவை பார். தேதியைப் பார், எண்ணைப் பார், ஆள் அனுப்பி உள்ளே இறங்கி எண்ணச் சொல். முத்திரை போட்டுவிடாதே. இதனால் அப்பா பெயர் கெடும், அது தெரியாமல் நான் எழுதவில்லை. சித்தப்பா இனி நம் வீட்டுப் படி ஏற மாட்டார். தெரிந்தவர்கள் எதிரே வந்தால் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போக வேண்டியிருக்கும். இருந்தாலும் மேல்காடும் போய் அங்கேயும் வெள்ளைக் குச்சி நட்டுவிட்டால், அதற்கப்புறம் நான் வளர்க்கிற நாற்றுக்கு என்ன அர்த்தம் என்று எனக்கே தெரியவில்லை.

இவ்வளவையும் அவருக்குத் தெரியாமல் எழுதி அனுப்பிவிடலாம் என்றுதான் சமையலறையில் உட்கார்ந்து எழுதினேன். தண்ணீர் குடிக்க வந்தவர் யாருக்கு என்று கேட்டார். பொய் சொல்ல வரவில்லை. நின்றபடியே முழுவதையும் படித்தார். கிழித்துவிடுவார் என்று பயந்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பேனாவைக் கொண்டா என்றார்.

நேரத்துக்குச் சாப்பிடு, குட்டியை வெயிலில் விடாதே, அவளுக்கு எண்ணச் சொல்லிக் கொடுத்தால் கிட்டே போய்த் தொட்டு எண்ணச் சொல்லிக் கொடு. மாப்பிள்ளையிடம் எங்கள் அன்பைச் சொல். எந்த முடிவு எடுத்தாலும் நீ எங்கள் பிள்ளைதான், அதில் மாற்றம் இல்லை, என் ஆசி உனக்கு என்றும் உண்டு. மேலே முந்நூற்றைம்பது என்று நான் குத்துமதிப்பாக எழுதியதை அடித்துவிட்டு முந்நூற்றுப் பதினொன்று என்று எழுதியிருப்பது அப்பாதான். பதிவேட்டில் திருத்தினால் செய்கிற மாதிரியே பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் போட்டிருக்கிறார், பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அம்மா