கண்ணாடிக் கடையில் படித்த பக்கங்கள்

போதுமான காலம் வாயை மூடிக்கொண்டு இருந்தாகிவிட்டது. மேசைமேல் நீ போட்டுக் கொடுத்த கண்ணாடி கிடக்கிறது. பவர் மாறிவிட்டது. ஒரு பக்கத்துத் திருகு கழன்று, நூல் சுற்றி வைத்திருக்கிறேன். அதைப் பார்க்கும்போதெல்லாம் உன்மேல் கோபம் வருகிறது. செத்துப்போனவன்மேல் கோபப்படுவது அழகில்லை என்பார்கள். எனக்கு அந்த நாகரிகம் வேண்டாம்.

திருவல்லிக்கேணியில் உன் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் எழுத்து அட்டையைக் காட்டுவாய். எனக்கு மட்டும் என் நாவலின் கையெழுத்துப் பக்கத்தையே கையில் கொடுத்து, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "படி நைனா" என்பாய். கண் பார்க்கிற சாக்கில் அத்தியாயம் முழுவதையும் கேட்டுவிடுவாய். நான் தடுக்குகிற இடத்தில் கையைத் தூக்குவாய். "இங்க நின்னுட்டே. ஒண்ணு கண்ணு சரியில்ல, இல்லாட்டி வரி சரியில்ல. கண்ணு நல்லாத்தான் கீது."

பதில் போடாத பதிப்பாளர்கள், கூட்டத்துக்கு அழைத்துவிட்டு மேடையில் நாற்காலி போடாதவர்கள், ஒருவரையும் நான் மறந்ததில்லை. அவர்களோடு உன்னையும் சேர்க்கும்படி ஆனது ஒரே பேச்சால். என் நாவலில் மயிலாப்பூர்க் கிழவர் ஒருவர் தினமும் கபாலி கோயிலுக்குப் போவார். அந்த அத்தியாயத்தைக் கேட்டுவிட்டு, தொழுகைக்குக் கிளம்பிய நீ வாசலில் நின்று சொன்னாய்: "உன் ஆளு கோயிலுக்குப் போறான், ஆனா கும்புட மாட்டேன்றான் நைனா. டூரிஸ்ட் மாதிரி சுத்திகினு கீறான்."

நான் சாமி கும்பிடுவதை விட்டு வெகுகாலம் ஆகிறது என்று தெரிந்தவன் நீ. அன்றிலிருந்து நான் வரவில்லை. கூப்பிடுவாய் என்று காத்திருந்தேன். நீ கூப்பிடவில்லை. அதையும் மனத்தில் குறித்துக்கொண்டேன்.

இந்த வாரம் அந்த அத்தியாயத்துக்குத் திரும்பினேன். காலையில் அடையாற்றில் ஒரு நூலகத்தில் கோயில் வழக்கங்களைப் பற்றிய பழைய புத்தகங்கள். மாலையில் சன்னதி ஓரமாக நின்று கும்பிடுகிறவர்களைக் கவனித்தேன். உதடு அசைவது, கன்னத்தில் போட்டுக்கொள்வது, எல்லாவற்றையும் குறிப்பெடுத்தேன். நாவலில் ஒரு வரி நகரவில்லை. பொடி எழுத்து வேறு மங்கியது. நல்ல கண்ணாடிக் கடை எங்கள் தெருவிலேயே உண்டு. உன்னிடம்தான் வந்தேன்.

கல்லாவில் உன் மனைவி இருந்தாள். வாங்க என்றுகூடச் சொல்லாமல், "நாவல் முடிஞ்சிடுச்சாண்ணே?" என்றாள். இன்னும் இல்லை என்றேன். அவள் முகம் மாறியது. நீ எங்கே என்று மறுபடி மறுபடி கேட்ட பிறகுதான், போன நோன்புக்கு முன்பே போய்விட்டாய் என்று சொன்னாள். எனக்கு மட்டும் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கத்தினேன். கடையில் ஆட்கள் இருந்தார்கள்.

"அவன் நாவல முடிச்சப்புறம் சொல்லுன்னு சொல்லிட்டுப் போனாருண்ணே. இப்ப தெரிஞ்சா நடுவுல வுட்ருவான்னாரு. நீங்க முடிச்சிட்டீங்கன்னு யாராச்சும் வந்து சொல்வாங்கன்னு பாத்துகினே இருந்தேன்."

உன்னை யார் கேட்டது? ஊரில் ஒருவனும் சீந்தாத நாவலுக்கு இத்தனை மரியாதை கொடுக்கச் சொல்லி நான் எப்போது கேட்டேன்? மற்றவர்கள் செய்த அவமரியாதையெல்லாம் தாங்கிவிட்டேன். இதைத் தாங்க முடியவில்லை.

அவள் லென்ஸை மாற்றிப் போட்டு எழுத்து அட்டையைக் கொடுத்தாள். தடுக்காமல் படித்து முடித்தேன். யாரும் கையைத் தூக்கவில்லை.

மறுநாள் குறிப்பெடுக்கத் தாள் எதுவும் இல்லாமல் கோயிலுக்குப் போனேன். வரிசையில் நகர்ந்து சன்னதிக்கு முன்னால் வந்ததும், உனக்காக ஏதாவது கேட்கலாமென்று பார்த்தேன். என்ன கேட்பது? நீ வேறு வாசலில், பள்ளிவாசலில் நின்று கேட்டவன். பின்னாலிருந்த மாமி, "வேண்டிண்டாச்சுன்னா கொஞ்சம் நகருங்கோ சார், எல்லாரும் நின்னுண்டிருக்கோம்" என்றாள்.

"இன்னும் இல்ல மாமி" என்றேன்.

வீட்டுக்கு வந்து அதைத்தான் எழுதினேன். கிழவர் சன்னதியில் நிற்கிறார். கேட்க ஒன்றும் வரவில்லை, நகரவும் முடியவில்லை. அரைப் பக்கம். ஒரு வாரத்துக்கு அவ்வளவுதான். பழைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாய்விட்டுப் படித்தேன். ஓரிடத்தில் நின்றேன். கண் சரியில்லையா, வரி சரியில்லையா என்று சொல்ல ஆளில்லை. இனி எந்தப் பக்கத்தில் தடுக்கினாலும், தூக்கிய உன் கை அங்கே இருக்கும்.

உன்னை நான் மன்னிக்கவில்லை. அந்த அரைப் பக்கத்தையும் இந்தக் கடிதத்தோடு மடித்துக் கடை விலாசத்துக்கு அனுப்புகிறேன். முடிக்காத எழுத்தில் நான் பெயர் போடுவதில்லை. உன்னிடம் கொண்டுவந்த பக்கம் எதிலும் பெயர் இருந்ததில்லை. கையெழுத்தைப் பார்த்தால் உன் மனைவிக்குத் தெரியும். இதையும் பெயர் போடாமலே லஸ் முனைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வருகிறேன்.